ரஷ்யத் தாதாவின் ஆள் கண்ணில் ஒற்றிய துப்பாக்கி: ஆக்லாந்தில் ஐந்து நாள்

ஆக்லாந்துக்கு ஜூன் மாதத்தில் போகாதீர்கள் என்று எல்லாப் பயணத் தளங்களும் எழுதியிருக்கின்றன. அங்கே அது குளிர்காலம். தினம் ஒரு மழை, மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் இருட்டு. நான் இந்த ஜூனில்தான் போனேன், அதுவும் தனியாக. ஒரு ரஷ்ய மாஃபியா படம் எடுத்த இடங்களை, படத்தில் வரும் அதே வரிசையில், அதே குளிரில் பார்த்துவிட்டு வருவது திட்டம். "சினிமா எடுத்த எடத்தப் பாக்க லட்ச ரூவா செலவு பண்றவ உலகத்துலயே நீ ஒருத்திதான்டி" என்றார் என் கணவர். அவரிடமும் முழுக் காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் "ஆள் கிடைக்கலீன்னா?" என்று கேட்பார்.

படத்தின் பெயரை எழுதப் போவதில்லை. சம்பந்தப்பட்ட ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். பின்னூட்டத்தில் கேட்டாலும் சொல்ல மாட்டேன், தொந்தரவு செய்யாதீர்கள்.

கதை மட்டும் சொல்கிறேன். ரஷ்யாவில் ஒரு கும்பலுக்குக் கணக்கு எழுதிய கிழவர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆக்லாந்துக்கு ஓடிவந்து மீன் கிடங்கில் வேலை செய்கிறார். அவரைத் தேடிக் கும்பல் வருகிறது. கோயம்புத்தூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் தமிழ் டப்பிங்கில் பார்த்தேன். மாஸ்கோ தாதா "இன்னாடா லுக்கு?" என்று வட சென்னைத் தமிழில் மிரட்டிக்கொண்டிருந்தார். பாதித் தூக்கத்தில் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போது சுரங்க அறையில் ஒரு காட்சி வந்தது. தாதா ஒவ்வொரு அடியாளிடமும் துப்பாக்கி கொடுக்கிறார். மூன்றாவது ஆள் மொட்டைத் தலை, ஒட்டுத் தாடி, கழுத்தெல்லாம் பச்சை குத்தல். அவன் துப்பாக்கியை வாங்கி, கோட்டில் ஒருமுறை துடைத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றி, மோவாயில் லேசாக இடித்துக்கொண்டான்.

தூக்கம் போய்விட்டது. கருவியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நம்மில் யார் வேண்டுமானாலும் செய்வதுதான். எங்கள் அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார், காலையில் முதல் ஸ்பேனரை எடுக்கும்போது பட்டறையில் எல்லோரும் அப்படித்தான் ஒற்றிக்கொள்வார்கள். ஆனால் ஒற்றிவிட்டு மோவாயில் இடித்துக்கொள்கிறவனை என் வாழ்க்கையில் ஒருவனைத்தான் பார்த்திருக்கிறேன். என் தம்பி. பெயர் வேண்டாம். ஒன்பது வருடமாக அவன் எங்கே இருக்கிறான் என்று எங்களுக்குத் தெரியாது.

தெரியாமல் போனதற்குக் காரணம் நான். அவன் படிப்பதற்காக நியூசிலாந்து போனவன். அப்பா இறந்தபோது வரவில்லை. பெரியப்பா மகன்தான் கொள்ளி வைத்தார். சொந்தக்காரர்கள் பேசிய பேச்செல்லாம் என் காதில் நிறைந்திருந்த நேரத்தில் அவன் போன் செய்தான். "எங்களுக்கு நீயும் செத்துட்ட. இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாத" என்றேன். "சரிக்கா" என்றான். அவ்வளவுதான். முதல் இரண்டு வருடம் அவனே கூப்பிடட்டும் என்று வீம்பாக இருந்தேன். வீம்பு இறங்கித் தேடத் தொடங்கியபோது அவன் நம்பர், மெயில், பழைய அறை நண்பர்கள் எதுவும் மிச்சமில்லை. எனக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்தி என்று அம்மா சொல்வாள். உண்மைதான்.

அந்தக் காட்சியை அன்று எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேன் என்று கணக்கில்லை. இணையத்தில் தேடினால், அது ரஷ்யச் சிறைக் கைதிகளின் ரகசியச் சடங்கு என்று ஒருவர் பதினெட்டு நிமிடம் விளக்கியிருந்தார். கீழே பல பேர் பாராட்டியிருந்தார்கள். கூட்டத்தில் நிற்கும் துணை நடிகர்களின் பெயரைப் படத்தின் கடைசியில் போடுவதில்லை. ஆகவே விசாவுக்கு எழுதிப் போட்டேன். கோவை, சிங்கப்பூர் வழியாக ஆக்லாந்து, போக வர 94,600 ரூபாய். இருப்பதிலேயே மலிவான டிக்கெட், தேதி மாற்ற முடியாதது. இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஞாயிறு காலை 11.20க்கு இறங்கினேன். ஆப்பிள், ஊறுகாய், விதை எதுவும் கொண்டுவந்திருந்தால் மறைக்காமல் படிவத்தில் எழுதிவிடுங்கள், அபராதம் கடுமை. வாசலில் ஆரஞ்சு நிறப் பேருந்து நிற்கும், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் புஹினுய் ரயில் நிலையம். அங்கிருந்து பதினைந்து நிமிடம் நடந்தால் பாபடோயிட்டோயில் நான் எடுத்திருந்த அறை, நாளுக்கு 70 டாலர். இந்தியாவைவிட ஆறரை மணி நேரம் முன்னால் ஓடும் ஊர். கடிகாரம் மத்தியானம் என்றது, உடம்பு விடியற்காலை என்றது. மழை பெய்துகொண்டே வெயிலும் அடித்தது. தெருவில் நடப்பதா மிதப்பதா என்று தெரியாமல் பெட்டியை உருட்டிக்கொண்டு போனேன்.

அறை ரீற்றா அக்காவினுடையது. மன்னார்க்காரர், ஐம்பத்தேழு வயது, முதியோர் இல்லத்தில் வேலை. மகன் வெலிங்டனில் இருப்பதால் அவன் அறையை வாடகைக்கு விடுகிறார். நான் பெட்டியை வைப்பதற்குள் கோப்பி வந்தது, கோப்பியோடு கேள்வியும் வந்தது. "படம் பார்த்திட்டு இடம் பார்க்க வந்தனீரோ? ஓம், நானும் அந்தப் படம் பார்த்தனான். அதிலை ஸ்னோ கொட்டுது. ஒக்லாந்திலை எப்ப பிள்ளை ஸ்னோ கொட்டினது?" என்றார். நான் சிரித்தேன். சிரித்தது எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. சொல்லக் கூடாது என்று கணவரிடமே மறைத்ததை, சந்தித்து இருபது நிமிடம் ஆன ஒருவரிடம் கொட்டிவிட்டேன்.

அவர் ஒன்றும் பதறவில்லை. "பேரைச் சொல்லி ஊரெல்லாம் விசாரிக்காதையும். ஆளிட்டைப் பேப்பர் இல்லாட்டி நீர் தேடுறதே அவருக்கு வினையாப் போகும்" என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை. விசா முடிந்து ஒளிந்து வாழ்கிறானோ என்ற பயம் அப்போதுதான் வந்தது. கோயிலிலும் தமிழ்ச் சங்கத்திலும் போட்டோவைக் காட்டிக் கேட்கலாம் என்று வந்தவள் நான். மிச்சம் இருந்தது படம் எடுத்த இடங்கள் மட்டும்.

திங்கள் காலை 8.10 ரயில். புஹினுயிலிருந்து நகர மையத்தில் இருக்கும் பிரிட்டோமார்ட் வரை 35 நிமிடம். வெளியே மூடுபனி. படத்தின் முதல் காட்சி இந்த நிலைய வாசல்தான். நீளக் கோட்டு போட்ட நான்கு பேர் படியேறி வந்து, கடல் எந்தப் பக்கம் என்று ஒரு பெண்ணிடம் கேட்பார்கள். நான் வெளியே வந்தபோது நீளக் கோட்டு போட்ட நாற்பது பேர் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பனிக்குள் எல்லோரும் மாஃபியாவாகத்தான் தெரிந்தார்கள். ஒருவர் என் பக்கம் திரும்பினார், கையில் டிபன் பாக்ஸ்.

அங்கிருந்து கடலோரமாக 20 நிமிடம் மேற்கே நடந்தால் சைலோ பூங்கா. பழைய சிமெண்ட் சேமிப்புக் கோபுரங்கள் வரிசையாக நிற்கின்றன. படத்தில் இதுதான் மீன் கிடங்கின் பின்பக்கம், கிழவர் முதல் தடவை தன்னைத் தேடி வந்தவர்களைப் பார்க்கும் இடம். அன்று அங்கே யாருமே இல்லை. படகுகளின் பாய்மரக் கம்பங்களில் கயிறு மோதும் சத்தம் மட்டும் மெதுவாக, தாளம் தப்பித் தப்பிக் கேட்டது. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். திறந்தபோது ஒன்றரை மணி நேரம் போயிருந்தது, மடியில் ஒரு கடல்புறா என் பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தது. ஜெட் லேக் இருக்கும் முதல் நாளில் உட்காரக் கூடாது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம் கரங்கஹாபி சாலை. எல்லோரும் கே ரோடு என்கிறார்கள். படத்தில் தாதா சாப்பிடும் ரஷ்ய உணவகம் உண்மையில் ஒரு சீனக் கொழுக்கட்டைக் கடை. பன்னிரண்டு கொழுக்கட்டை 15 டாலர், ருசி. தாதா உட்கார்ந்த மூலை மேசையில் இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் ஏதோ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் நாள் முழுவதும் ஊரைப் பார்த்தேனா என்றால் இல்லை. சாலையில் போன ஒவ்வொரு கறுத்த முகத்தையும் பார்த்தேன். கட்டட வாசல் காவலாளி, பேருந்து ஓட்டுநர், தட்டுக் கழுவுகிறவர். முப்பத்தொன்பது வயதில் அவன் எப்படி இருப்பான் என்றே எனக்குத் தெரியாது என்பது சாயங்கால ரயிலில்தான் உறைத்தது.

செவ்வாய், டெவன்போர்ட். பிரிட்டோமார்ட் எதிரிலிருந்து படகு, 12 நிமிடம். பயணக் கார்டு இருந்தால் அதைத் தொட்டாலே போதும், தனியாக டிக்கெட் வேண்டாம். மேல்தளத்தில் நில்லுங்கள். அன்று கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன, நடுவில் கோடு இல்லை. நகரம் பின்னால் மெதுவாக அழிந்தது. படத்தில் அடியாட்கள் இந்தப் படகில்தான் பேசாமல் நிற்பார்கள், மூன்றாவது ஆள் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்ப்பான். அதே கம்பியாக இருக்கும் என்று நினைத்து எல்லாக் கம்பியையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற பெண்மணி எனக்குக் கடல் மயக்கம் என்று நினைத்து இஞ்சி மிட்டாய் கொடுத்தார்.

படகுத்துறையிலிருந்து நார்த் ஹெட் குன்று வரை 25 நிமிட நடை. பழைய ராணுவச் சுரங்கங்கள் இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் இல்லை, விளக்கும் இல்லை, டார்ச் எடுத்துப் போங்கள். துப்பாக்கி கொடுக்கும் அறையைக் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. ஈரச் சுவர், ஒரு சின்ன ஜன்னல், அதற்கு வெளியே பச்சைக் கடல். மூன்றாவது ஆள் நின்ற இடத்தில் போய் நின்றேன். போனில் அந்தக் காட்சியை ஓட்டினேன். திரையில் அவன் இடதுபக்கம், நான் அதே இடதுபக்கம். ஒன்பது வருடத்தில் அவனுக்கு அவ்வளவு பக்கத்தில் நான் போனதில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு "டேய்" என்று கூப்பிட்டேன். சுரங்கம் அதைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தது. வெட்கமாக இருந்தது, இன்னொரு முறையும் கூப்பிட்டேன்.

வெளியே வந்தால் மழை கொட்டியது. டாக்சி கூப்பிட்டேன், படகுத்துறைக்கு 14 டாலர். ஓட்டுநர் ஃபிஜி இந்தியர், அறுபது வயது இருக்கும். ஆங்கிலத்தில்தான் பேசினோம். "சினிமா பார்த்துவிட்டு வந்தீர்களா? எடுத்தபோது பத்து நாள் இங்கேதான் சவாரி ஓட்டினேன்" என்றார். நான் போனை நீட்டி மூன்றாவது ஆளைத் தெரியுமா என்று கேட்டேன். வண்டியை ஓரம் கட்டிப் பார்த்தார்.

"இவர் நடிகரே இல்லை அம்மா. துணை நடிகர்களைக் கூட்டிவந்த வேன் டிரைவர். நிஜ ஆளுக்கு அன்றைக்குக் காய்ச்சல். கோட்டு இவருக்குச் சரியாக இருந்தது, மொட்டையடித்துத் தாடி ஒட்டி நிறுத்திவிட்டார்கள்."

"பெயர் தெரியுமா?"

"தெரியாது. நகரத்துக்குத் தெற்கே, தகனினியிலிருந்து வருவதாகச் சொன்னார். நீல வேன். முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருப்பார். இந்த ஊரில் அதை நான் வேறு எந்த வண்டியிலும் பார்த்ததில்லை, அதனால் ஞாபகம்."

படகில் திரும்பும்போது கடல் இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ரீற்றா அக்காவிடம் சொன்னேன். அவர் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினார். "எலுமிச்சங்காய் கட்டின நீல வானோ? சனிக்கிழமை சனிக்கிழமை எங்கட தமிழ்க் கடை வாசலிலை நிக்கிறது. ஏர்ப்போட்டுக்கு ஆள் ஏத்துறவர்." அடுத்த ஐந்தாவது நிமிடம் பாபடோயிட்டோய் மளிகைக் கடைக்குப் போனோம். கண்ணாடிக் கதவில் அறை வாடகை, பரதநாட்டிய வகுப்பு அட்டைகளுக்கு நடுவே ஒரு நீல அட்டை. விமான நிலைய வேன் சேவை, ஒரு போன் நம்பர், பெயர் இல்லை. எண்களை அழுத்தினேன், அழித்தேன், மூன்று முறை. என்ன சொல்லித் தொடங்குவது? கூப்பிடாதே என்று சொன்னவள் கூப்பிடுகிறேன் என்றா?

"நீர் கதைக்காட்டி நான் கதைக்கிறன்" என்று அவர் தன் போனை எடுத்தார். வியாழன் காலை என் விமானத்துக்கு, தன் பெயரிலேயே பதிவு செய்தார். நான்தான் வியாழன் என்று சைகை காட்டினேன். நாளைக்கே பார்க்கலாமே என்று அக்கா கேட்டார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அப்படியே விமானத்தில் ஏறிவிடலாம் என்பதுதான் என் கணக்கு. கோழைத்தனம்தான், மறைக்க விரும்பவில்லை. "குரல் எப்படிங்க்கா இருந்துச்சு?" என்று கேட்டேன். "தமிழிலதான் கதைச்சவர். எல்லாத்துக்கும் 'சரிங்க, சரிங்க' எண்டார். உங்கட ஊர்ப் பேச்சுத்தான் பிள்ளை" என்றார். வாசலில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

புதன்கிழமை அக்காவுக்கு லீவு. பிஹா கடற்கரைக்குத் தன் காரில் கூட்டிப் போனார். பாபடோயிட்டோயிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். பேருந்து கிடையாது, கார் இல்லாமல் திட்டம் போடாதீர்கள். கடைசி அரை மணி நேரம் காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கும் சாலை. மணல் கறுப்பு. ஈரமாக இருக்கும் இடத்தில் வானம் அப்படியே கீழே தெரிகிறது. படத்தின் கடைசிக் காட்சி இங்கேதான். கும்பல் வந்து சேரும்போது கிழவர் ஓடாமல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். "வந்து தொலையுங்கடா, காத்திருந்து அலுத்துப்போச்சு" என்பது தமிழ் டப்பிங். தியேட்டரில் சிரித்திருப்பார்கள். எனக்கு அன்று அங்கே அது சிரிப்பாக இல்லை.

அக்காவும் நானும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். சாரல் எங்களை முன்னால் பத்தடிக்கு மேல் பார்க்க விடவில்லை. அவர் தன் தேவாலயத்தில் பாடும் பாட்டு ஒன்றை முணுமுணுத்தார். நான் மனதுக்குள் வாக்கியங்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் "நான் அன்னைக்கு" என்று தொடங்கி அங்கேயே நின்றன. எவ்வளவு தூரம் நடந்தோம், எப்போது திரும்பினோம், ஞாபகமில்லை. இந்தக் கடலில் இழுவை அதிகம், கொடி நட்ட இடத்துக்கு வெளியே இறங்கவே கூடாது என்று அக்கா இரண்டு முறை சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது. உங்களுக்கும் சொல்லிவிட்டேன்.

வியாழன் 8.50க்கு வேன் வரவேண்டும். 8.47க்கு வந்தது. நீலம், எலுமிச்சம்பழம், மிளகாய். உள்ளே வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று, எழுபது வயதுக்கு மேல் இருக்கும். டிரைவர் இறங்கினான். கம்பளித் தொப்பி, கொஞ்சம் தொப்பை. என்னைவிட ஐந்து வயது சின்னவன், என்னைவிட நரைத்திருந்தான். அவன் என்னைப் பார்த்தான். என் பெட்டியைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான்.

"இவாதான் தம்பி போறவ. கவனமாக் கொண்டுபோம்" என்றார் ரீற்றா அக்கா. அவன் பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்தான். கதவைத் திறந்துவிட்டான். போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தான். சரி, விமானம் ஏறிவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

விமான நிலையம் அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர், காலை நெரிசலில் 25 நிமிடம். முதல் சிக்னலில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டான், தமிழில்.

"சீட் பெல்ட் போட்டியா?"

"போட்டேன்."

"அம்மா?"

"நல்லாருக்குது. முட்டி வலிதான்."

பச்சை விழுந்தது. வேன் நகர்ந்தது. தம்பதி நடுவரிசையில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்படிக் கண்டுபுடிச்ச?"

"படம் பாத்தேன்."

"அதுல என்ற மூஞ்சியே தெரியாதே."

"வாங்குன துப்பாக்கியக் கண்ணுல ஒத்தி மோவாயில இடிச்சா எனக்குத் தெரியாதாடா?"

அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறான். "கையில குடுத்தாங்க, கை தானாப் போயிருச்சு. திட்டுவாங்கன்னு பாத்தா, டைரக்டர் சூப்பர்னு சொல்லி வெச்சுக்கிட்டாரு. யாருகிட்டயும் படத்துப் பேரச் சொல்லிக்கிட்டுத் திரியாத. அது ரஷ்யாக்காரங்க சடங்குன்னு சனம் நம்பிக்கிட்டு இருக்குது, இருந்துட்டுப் போகட்டும்" என்றான். சொல்ல மாட்டேன் என்றேன்.

பாதி வழி முடிந்திருந்தது. முந்தின நாள் கட்டிவைத்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. "அன்னைக்கு நான் பேசுனது தப்புடா" என்று மட்டும் சொன்னேன்.

கொஞ்ச தூரம் ஓட்டினான். "ஏர்போர்ட் வரைக்கும் வந்தேன்க்கா. விசா பேப்பர் அப்ப ஆபீஸ்ல மாட்டியிருந்துச்சு. போனா திரும்ப உள்ள விட மாட்டாங்க. ஆறு மணி நேரம் அங்கயே உக்காந்திருந்தேன்."

"அதச் சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ எங்க சொல்ல உட்ட?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மன்னிப்புக் கேட்கப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் வந்தவளுக்கு அந்த இடத்தில் கோபம் வருகிறது, என்ன செய்ய? "அப்புறமாவது கூப்பிட வேண்டியதுதான? ஒம்பது வருசம். கோவத்துல கூப்பிடாதேன்னா அப்படியே உட்டுருவியா? பொறந்ததுல இருந்து நான் சொன்னது ஒன்னையாவது கேட்டிருக்கியாடா நீ?"

"அது ஒன்னத்தான்க்கா கேட்டேன்" என்றான்.

நான் உடைந்துவிட்டேன். முன்னால் இருந்த பாட்டிம்மா திரும்பி எனக்கு ஒரு டிஷ்யூ கொடுத்தார். ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு எட்டி, டிரைவர் பக்கமும் ஒன்றை நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டு தேங்க்யூ என்றான்.

விமான நிலையத்தில் தம்பதியின் இரண்டு பெட்டிகளை இறக்கி, தள்ளுவண்டியில் வைத்து, அவர்களுக்குக் கை கொடுத்தான். பின்கதவைச் சாத்தினான். என் பெட்டி உள்ளேதான் இருந்தது. வந்து சீட்டில் உட்கார்ந்தான்.

"எத்தன மணிக்கு பிளைட்டு?"

"பன்னண்டரை."

"போகட்டும் அது" என்று வண்டியை எடுத்தான்.

அம்மாவோடு அன்றே பேசவைத்தேன். அதை இங்கே எழுத மாட்டேன். அவனுக்குப் பேப்பர் எல்லாம் சரியாக இருக்கிறது, ரெசிடென்சி கிடைத்தே இரண்டு வருடமாகிறதாம். அது கையில் வந்த அன்று ஊருக்கு டிக்கெட் பார்த்தானாம், பிறகு நான் சொன்னது ஞாபகம் வந்து மூடிவிட்டானாம். நான் சொன்ன ஒரு சொல் இவ்வளவு நாள் ஒருவனை ஒரு நாட்டுக்குள் உட்காரவைத்திருக்கிறது என்று நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. அவன் அதைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானாகத்தான் தினமும் எடுக்கிறேன், "சரி உடுக்கா" என்று எழுந்து போய்விடுகிறான்.

இப்போது உபயோகமான விஷயங்கள். திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாகவே வாங்குங்கள். எனக்கு 46,000 ரூபாய் தண்டம், கணவர் தொலைபேசியில் தொகையை இரண்டு முறை கேட்டுக்கொண்டார், பிறகு "இருந்துட்டு வா, அவனையும் கூட்டிட்டு வா" என்றார். தங்குவதற்கு நகர மையத்தைவிடப் பாபடோயிட்டோய் பாதி விலை, இட்லி மாவும் கிடைக்கும். படம் எடுத்த இடங்களுக்கு மூன்று நாள் தாராளம். குடை வேண்டாம், காற்றில் நிற்காது, தொப்பி வைத்த மழைக்கோட்டு எடுத்துப் போங்கள். உள்ளூர் சிம் கார்டு மலிவு. நான் மட்டும் வாங்கவில்லை. கோவை நம்பரையே ரோமிங்கில் வைத்திருக்கிறேன், தண்டச் செலவுதான். ஒன்பது வருடமாக இரண்டு போன் மாற்றியும் அந்த நம்பரை மட்டும் மாற்றவில்லை.

இதைத் தகனினியில் அவன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாயங்காலம் நாலு மணி, வெளியே தூறல், ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நனைகின்றன. போன் அடித்தது. அவன்தான். "அக்கா, டெய்ரில நிக்கிறேன். பால் நீல மூடியா, பச்ச மூடியா?" டெய்ரி என்றால் இங்கே தெருமுனைக் கடை. பச்சை மூடி கொழுப்பு எடுத்த பால், காப்பிக்கு ஆகாது. "நீலம்" என்றேன். வைத்துவிட்டான். இரண்டு நிமிடத்தில் மறுபடி அடித்தது. "ஒரு லிட்டரா, ரெண்டு லிட்டரா?" "ரெண்டு." வைத்துவிட்டான்.

சர்க்கரையும் தீர்ந்துவிட்டது. நான் சொல்லவில்லை. வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்க இன்னொரு முறை கூப்பிடட்டும்.